பார்த்து வளர்ந்த புல்

எங்கள் உலகன்குளம் நகராட்சிக்குப் புதுக் கட்டடம் எழுந்தபோது மழை பொய்த்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்த குளத்துக்குள் ஆட்டுச் சந்தை கூடியது. எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் தெருக் குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை முதலில் காற்று வந்து, பிறகு துரு வந்து, பிறகு வீட்டுக்கு மூன்று குடம் தண்ணீர் வந்து நின்றுபோகும். அப்படிப்பட்ட வருஷத்தில்தான் கட்டடத்துக்கு முன்னால் பச்சைப் புல்தரை வேண்டும் என்று சேர்மன் ஆசைப்பட்டார்.

இதை எழுதுகிற நான் அந்தத் தெருவின் குடிநீர்ச் சங்கச் செயலாளர், முப்பத்தெட்டு வருஷமாக. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் துண்டறிக்கையில் படித்தது அதிகம். தண்ணீருக்காக மட்டும் பதினோரு தடவை ஜெயிலுக்குப் போயிருக்கிறேன்; ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி வந்தபோது குழாயில் வரும் தண்ணீர் முன்னைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது.

பெங்களூரிலிருந்து பாக்கெட்டில் விதை வந்தது. மண்ணைச் சலித்து, உருளை ஓட்டிச் சமன் செய்து, விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மணல் போட்டு, குருவி கொத்தாமல் இருக்கச் சாக்கு விரித்தார்கள். புது விதைமேல் தண்ணீரைக் கொட்டினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், பூவாளியால் பனி இறங்குவதுபோல மூன்று வேளையும் தெளிக்க வேண்டும் என்று பாக்கெட்டின் முதுகில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை சூப்பர்வைசர் ஞானதுரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பூவாளி இன்னும் வந்து சேரவில்லை, விளக்கிச் சொல்ல அவருக்குப் பொறுமையும் இல்லை. தற்காலிகத் துப்புரவு வேலையிலிருந்த இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, தரைத்தொட்டியிலிருந்து தினமும் எட்டுக் குடம் எடுத்துக்கொள், புல்லுக்கு மூன்று வேளையும் தண்ணி காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் பயிருக்குப் பாய்ச்சுவதையும் தண்ணி காட்டுவது என்றுதான் சொல்வார்கள், மாட்டுக்கு வைப்பதையும் அப்படித்தான் சொல்வார்கள், ஒருத்தனை ஏமாற்றி அலையவிடுவதையும் அப்படித்தான் சொல்வார்கள். இசக்கி இந்த மூன்று அர்த்தத்தையும் விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒரு இடுப்பில் எட்டு மாதப் பெண்பிள்ளை, மறு இடுப்பில் குடம். சாக்கு விரித்த தரையைச் சுற்றி நடந்து, நாலு மூலையிலும் நின்று, குடத்தின் வாயை மண்ணுக்கு நேராகச் சாய்த்து, ஒரு சொட்டுக்கூட விழாமல் நிமிர்த்தி, பின்வாசல் வழியாக வெளியே வந்து, இரண்டு தெரு தாண்டி, குடத்தை எங்கள் தெருவில் இறக்கினாள். அவள் புருஷன் வெயிலுமுத்து பட்டாசு மருந்து வெடித்துக் கண் போனவன். குடம் இறங்கும் சத்தத்தை வைத்தே அது நிறைகுடம் என்று சொல்லிவிட்டான்.

எட்டுக் குடம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்கள் பன்னிரண்டு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வீட்டுக்கும் முறை வைத்தோம். பிரசவித்தவர் வீடு, காய்ச்சல் கண்ட வீடு முதலில். என் வீடு கடைசியில், ஏனென்றால் நான் செயலாளர். வெகுநாள் கழித்து எங்கள் தெருவில் கொடியில் ஈரத்துணி தொங்கியது.

ஆறாம் நாள் ஞானதுரை பின்வாசலில் இசக்கியைக் குடமும் கையுமாகப் பிடித்தார். பிடித்து, திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது, சாக்கைத் தூக்கிக்கொண்டு புல் முளைத்திருப்பது அவர் கண்ணில் பட்டது. ஊசி ஊசியாக, குழந்தைக்குப் பல் முளைப்பதுபோல, வெளிர்ப் பச்சையில் தரை முழுக்க. அவர் குனிந்து மண்ணைத் தொட்டார், வறட்டிபோல் காய்ந்திருந்தது. தண்ணி ஊற்றினாயா என்று கேட்டார்.

"காட்டச் சொன்னீங்க, காட்டினேன் சார்," என்றாள் இசக்கி.

அவர் யோசித்துப் பார்த்தார். புல் வேண்டும் என்றார்கள், புல் வந்துவிட்டது. அதற்குமேல் யோசிப்பது அவர் வேலையில் சேராது. சாக்கை உருவிவிட்டு, புல்லில் கால் வைக்காதே என்று பலகை மட்டும் நட்டுவிட்டுப் போய்விட்டார். புல் நாளுக்கு நாள் அடர்ந்தது. இசக்கி குடத்தோடு வரும்போது புல்தாள்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பும், அவள் சுற்றி முடிக்கும்வரை கூடவே திரும்பும், அவள் போனபின் வயிறு நிறைந்த ஆடுகள்போல அசையாமல் நிற்கும். எங்கள் தெருவில் யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. புல்லும் நம்மைப்போல் கொஞ்சத்தில் இருக்கப் பழகிக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆச்சரியப்படாமல் இருந்தேன், சும்மா இருக்கத்தான் என்னால் முடியவில்லை. எங்கள் சனங்கள் பின்வாசல் வழியாகத் தண்ணீர் வாங்குவது என் தன்மானத்தை அறுத்தது. திருட்டுத்தனமாகக் கிடைப்பது எத்தனை நாள் கிடைத்தாலும் உரிமை ஆகாது என்று முப்பத்தெட்டு வருஷம் மேடையில் பேசியவன் நான். இந்த எட்டுக் குடத்தை முன்வாசல் வழியாக, தீர்மானம் போட்டு, எங்கள் தெருவின் பெயருக்கே எழுதி வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. துண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். செய்தி காதுக்குப் போய் இசக்கி என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள், உள்ளே வரவில்லை.

"அச்சடிக்க வேணாம் அண்ணாச்சி. எழுத்துல வந்துச்சின்னா நின்னுபோகும்."

உரிமை என்றால் என்ன என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நிறையவே சொன்னேன். அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு, சரி அண்ணாச்சி, மத்தியானக் குடத்துக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அறிக்கை மஞ்சள் தாளில் ஐநூறு பிரதி வந்தது. 'ஒரு சொட்டுக் குடிக்காமல் வளர்ந்த புல்லே சாட்சி!' என்று தலைப்பு. தண்ணீரைப் பார்த்தே வாழும் புல்லுக்கு ஒதுக்கிய எட்டுக் குடத்தை, தண்ணீரைப் பார்க்கவே வழியில்லாத தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்கு ஒதுக்கு என்று கோரிக்கை. நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பஸ் நிலையத்தில் நானே நின்று விநியோகித்தேன்.

நகராட்சி அதை என்னைவிடக் கவனமாகப் படித்தது. என்ஜினீயர் கட்டடத்துக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி விதை தூவி, ஒரே ஒரு குடத்தை எட்டு நாள் காட்டி, திருப்பித் தொட்டியிலேயே ஊற்றிவிட்டார், புல் வந்தது. மன்றம் கூடியது. புல்லுக்குப் போதும் என்றால் வாழைக்குப் போதாதா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். வாழைக்குப் போதும் என்றால் மற்றதுக்கும் பார்க்கலாமே என்று இன்னொருவர் கேட்டார். மற்றது என்று அவர் சொன்னது எங்களை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதோடு என் மஞ்சள் துண்டறிக்கையை, இணைப்பு ஒன்று என்று எண் போட்டுச் சேர்த்திருந்தார்கள். என் எழுத்தை அரசாங்கம் கோப்பில் வைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மறுநாளிலிருந்து இசக்கி குடத்தைக் காட்டிவிட்டு ஞானதுரையின் கண்முன்னால் தொட்டியில் திருப்பி ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த வாரம் எங்கள் தெருக் குழாயை அடைத்துவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் லாரி வந்தது. பின்பக்கத்தில், மீன்தொட்டி செய்கிறவரிடம் சொல்லிச் செய்த பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் விளிம்புவரை தண்ணீர், வெயில் பட்டு எங்கள் சுவரிலெல்லாம் அலை ஆடியது. டிரைவர் மணி அடித்தார். பழக்கதோஷத்தில் எல்லோரும் குடத்தோடு ஓடி வந்து வரிசையில் நின்றோம். லாரி ஐந்து நிமிஷம் நின்று, காட்டி, போய்விட்டது.

முதல் நாள் கல் எறிந்தோம் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. ஏனென்றால் லாரி போனபின் எச்சில் விழுங்கிப் பார்த்தோம், தொண்டை நனைந்திருந்தது. சாயங்காலம்வரை யாருக்கும் தாகம் எடுக்கவில்லை.

பிறகு அதற்கும் வழக்கங்கள் உண்டாகின. உயரம் குறைந்தவர்கள் முன்வரிசை, வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிக்கு லாரியின் பக்கத்தில் இடம், தீட்டு உள்ளவர்கள் தொட்டியின் இடதுபக்கம். துவைக்க வேண்டிய துணியைக் கொண்டுவந்து உதறிக் காட்டி மடித்து எடுத்துப் போனார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், பொண்ணு ஒரு பார்வையில் அடங்குவாளா, இல்லை திரும்பத் திரும்பப் பார்க்கிற ரகமா என்று ஜாடையாகக் கேட்டார்கள். டிரைவர்களில் நல்லவன் கெட்டவன் பிரித்தார்கள். இவன் கை தாராளக் கை, தொட்டியை நல்லா அசைச்சுக் காட்டுறான், முன்னே வந்தவன் கஞ்சன், நிழலில் நிறுத்திட்டுப் போயிருவான் என்று. கண் இல்லாத வெயிலுமுத்துவுக்கு மட்டும் யாராவது பக்கத்தில் நின்று தண்ணீரைச் சொல்ல வேண்டும். இசக்கி சொன்னால் அவனுக்கு இரண்டு நாள் தாங்கும். ஒருநாள் அவளுக்கு வேலை இருந்ததால் நான் சொன்னேன். நான் தண்ணீரின் அரசியலில் ஆரம்பித்து அணைக்கட்டுக்கு வந்து சேர்வதற்குள் லாரி போய்விட்டது.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதுல நாக்கு ஒட்டிக்கிட்டதுதான் மிச்சம்," என்றான் வெயிலுமுத்து. தெருவே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அப்புறம் ஐந்து நிமிஷம் நாலானது, நாலு மூன்றானது. என்னைத் தேடி வந்தார்கள். முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தெரு என்னைத் தேடி வருகிறது. எனக்கும் அது வேண்டியிருக்கிறது. மாரியம்மன் கோவில் முக்கில் மறியல் செய்தோம். 'பத்து நிமிஷம் காட்டு, பத்து நிமிஷம் காட்டு' என்று கோஷம் எழுதிக் கொடுத்தேன். நன்றாக ஓசை பிடித்தது, பிள்ளைகளெல்லாம் தாளம் போட்டன. மூன்று மணி நேரம் பஸ் போகவில்லை. தாசில்தார் வந்தார், பேச்சுவார்த்தை நடந்தது, ஏழு நிமிஷத்துக்கு இறங்கி வந்தேன், கையெழுத்துப் போட்டேன். எனக்கு மாலை போட்டார்கள். இத்தனை வருஷத்தில் நான் முழுசாக ஜெயித்த போராட்டம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து மாலையை ஆணியில் மாட்டிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கால் வலித்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

மறியலுக்கு இசக்கி வரவில்லை. வராததைக் கேட்கலாம் என்று மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். கேட்க வந்ததை நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"இவ அழுது நாலு நாள் ஆச்சு அண்ணாச்சி."

நல்லதுதானே, சமத்துப் பிள்ளை என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, நான் அங்கே நிற்பதைப் பொருட்படுத்தாமல், பிள்ளையை மார்போடு அணைத்தாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. தாயின் மார்பைக் கொஞ்ச நேரம் பார்த்தது, புல் குடத்தைப் பார்ப்பதுபோல, அவ்வளவு அமைதியாக. பார்த்து முடித்ததும் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டது. அதன் கை வேப்பங்குச்சிபோல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தலை உச்சி குழிந்திருந்தது.

"எனக்கும் பால் வத்திப்போச்சு. வேலைக்குப் போறப்ப இடுப்புலயே தூக்கிட்டுப் போவேன். நான் புல்லுக்குக் காட்டுறதைப் பூரா இவ பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. பார்த்தே படிச்சிக்கிட்டா."

உள்ளே இருந்து வெயிலுமுத்து, பிள்ளை இருக்கிற சத்தமே கேக்கலையே இசக்கி, முழிச்சிருக்காளா என்று கேட்டான். தூங்குறா என்று பதில் சொன்னாள். நான் கலெக்டருக்கு மனு எழுதுகிறேன், இன்றைக்கே எழுதுகிறேன் என்றேன்.

"நீங்க எழுதாம இருந்தாப் போதும் அண்ணாச்சி," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. ஜெயிலில் அடி வாங்கியிருக்கிறேன். அது இந்த அளவுக்கு வலிக்கவில்லை.

அன்று மத்தியானம் நகராட்சி ஆபீசில் நடந்ததை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மனு எழுதாதவனுக்கு வேறு வேலை இல்லை. இசக்கி முதல் குடத்தை நிறைத்து எடுத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். எப்போதும்போல் சுற்றிவரவில்லை, பலகையைத் தாண்டி நேராக உள்ளே நடந்து, புல்தரையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, வாய் வைத்து, குடித்தாள். எங்கள் தெருவில் யாரும் தண்ணீர் குடித்துப் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் தொண்டை ஏறி இறங்குவதை ஆபீஸ் ஜன்னல்களில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

ஞானதுரை ஓடி வந்தார். புல்லின் ஓரத்துக்கு வந்ததும், கால் வைக்காதே என்று தானே நட்ட பலகையைப் பார்த்து நின்று, குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு கால் அவிழ்ப்பதற்குள் இசக்கி கையை நனைத்துப் பிள்ளையின் உதட்டில் தடவினாள், மறுபடியும் நனைத்துத் தடவினாள்; மறு கால் அவிழ்ப்பதற்குள் எழுந்து நின்று, குடத்தில் பாதிக்குமேல் மிச்சமிருந்ததைப் புல்லில் கவிழ்த்தாள்.

"ஏ, கெடுத்துட்டியே, கெடுத்துட்டியே," என்றார் ஞானதுரை, ஒரு கையில் ஷூவோடு.

புல் குடித்தது. வேலிக்கு வெளியே எனக்குக் கேட்டது. வெந்த சோற்றில் மோர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஈரம் ஒரு இடத்தில்தான் பட்டது, ஆனால் அந்தச் செய்தி வேர் வழியாகத் தரை முழுக்கப் போயிற்று. அரை மணி நேரம் புல் கரும்பச்சையாக நின்றது. பிறகு நுனியிலிருந்து பழுக்க ஆரம்பித்தது. மூன்று மணிக்குள் அத்தனை தாளும் வதங்கி, தரைத்தொட்டி இருக்கிற திசையில் சாய்ந்து கிடந்தது. என்ஜினீயர் வந்து குடத்தைக் காட்டினார். கண்ணாடி லாரியையே கொண்டுவந்து நிறுத்திக் காட்டினார்கள். ஒரு தாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் இசக்கி இரண்டாவது குடத்தை நிறைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்திருந்தாள். எல்லோரும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தடுக்க ஆள் இல்லை. என்னைக் கடந்து போனாள். நான் பின்னால் நடந்தேன். இரண்டாவது தெரு முக்கு திரும்பும்போது பிள்ளை முகத்தைச் சுளித்தது, வாயைப் பிளந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டது, அப்புறம் அழுதது. அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். உள்ளேயிருந்து வெயிலுமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டான். வந்து, சத்தம் வரும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அப்படியே நின்றான்.

இசக்கி வாசல் வாசலாக நின்று ஆளுக்குக் கால் டம்ளர் ஊற்றினாள். சிலர் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், குடித்துவிட்டால் பிறகு பார்வையில் அடங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடித்தவர்கள் இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்கள். அவள் அடுத்த வாசலுக்குப் போனாள். கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். நான் டம்ளரை எடுத்துவரப் போகவில்லை. ஏழு நிமிஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். நான் குடித்தால் ஒப்பந்தம் என்ன ஆவது என்று, வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் யோசித்தேன். அவள் உள்ளே போய் அவளாகவே டம்ளரை எடுத்து வந்து, ஊற்றி, என் கையில் வைத்தாள்.

குடித்தேன். துரு வாசனை. நாக்கின் அடியில் பட்டு, தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குள் எங்கே போகிறது என்று தெரிகிற மாதிரி போயிற்று. அது வயிற்றுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் தாகம் கிளம்பிவிட்டது. ஐந்து மாதத் தாகமும் மொத்தமாக. படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊருக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறேன், மேடை போட்டு, மைக் வைத்து, அச்சடித்து. எனக்கு என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து தாயி," என்றேன்.

இசக்கி குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. அவள் சேலையின் மார்புப் பக்கம் நனைந்திருந்தது. அது குடத்துத் தண்ணீர் இல்லை. பிள்ளையை என் வீட்டு வாசல்படியிலேயே மடியில் போட்டு மாராப்பை இழுத்து மூடினாள். பிள்ளை முட்டி மோதி, பிடித்து, விட்டு, போதாமல் மறுபடி அழுதது. லாரி மணி அடித்துக்கொண்டு தெருமுனையில் வந்து நின்றது. கண்ணாடியில் தண்ணீர் தளும்பியது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, பிள்ளையை அமர்த்தச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.